கட்டிப்போட்ட நாயும் கற்க வேண்டிய பாடமும்

(ஸ்ரீவைகுண்டத்தில் மாணவர், பெற்றோர் அவையில் ஆற்றிய சொற்பொழிவு)

குமரகுருபரர் பிறந்த ஊர் இந்த ஸ்ரீவைகுண்டம். ஐந்து வயது வரை வாய் பேசாதிருந்த அந்தப் பிள்ளை திருச்செந்தூர் முருகன் சன்னதியில் வாய் திறந்து பாடியது என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறோம். பேசாத பிள்ளையின் மனத்தில் என்ன இருக்கிறது என்று அறியத் தவித்த ஒரு தாய் தந்தையின் கதை அது. அந்த ஊரில் நின்றுகொண்டு, வாய் பேசாத இன்னோர் உயிரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். நம் பள்ளி, கல்லூரி மாணவர்கள் வாரத்தில் ஓரிரு நாள், ஆசிரியர் துணையோடு, தடுப்பூசி போட்ட நாய்களை வாரில் பிடித்து நடத்திக் கூட்டிப்போக வேண்டும். நடக்கிறபோதே அந்த உயிரைப் பற்றிப் படிக்க வேண்டும். இதுதான் நான் உங்கள் முன் வைக்கும் யோசனை. இது நாய்க்குச் செய்கிற தர்மம் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். இது ஊரைக் காக்கிற கல்வி. இந்த ஒன்றை நிறுவத்தான் இன்று முயலப் போகிறேன்.

முதலில் கசப்பான கணக்கைப் பார்த்துவிடுவோம். 2024-ஆம் ஆண்டில் மட்டும் தமிழ்நாட்டில் நாய்க்கடிக்கு ஆளானவர்கள் சுமார் 4.80 லட்சம் பேர். அந்த ஆண்டில் ரேபிஸ் நோயால் இறந்தவர்கள் 43 பேர். உலகச் சுகாதார நிறுவனம் சொல்வதைக் கேளுங்கள்: மனிதருக்கு வரும் ரேபிஸில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது நாய்களின் வழியாகவே வருகிறது. கடிபட்டுச் சிகிச்சைக்கு வருகிறவர்களில் பத்துக்கு நான்கு பேர் 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள். நோயின் அறிகுறி தோன்றிவிட்டால் பிழைப்பது அரிதினும் அரிது. இந்தக் கணக்கை மறைத்துவிட்டு நாயின் நன்றியுணர்வை மட்டும் புகழ்கிறவர் நேர்மையாகப் பேசவில்லை. அதே நேரத்தில், இந்தக் கணக்கை மட்டும் காட்டி நாயே ஊரில் இருக்கக்கூடாது என்கிறவரும் நமக்கு வழி காட்டவில்லை. எந்தத் தெருவுக்குப் போனாலும் இரண்டு கட்சி இருக்கிறது. ஒரு கட்சி, 'கல்லால் அடித்து விரட்டு' என்கிறது. மற்றொரு கட்சி, 'பாவம், ஒரு பிடி சோறு வை' என்கிறது. முதல் கட்சியிடம் பயம் இருக்கிறது. இரண்டாம் கட்சியிடம் இரக்கம் இருக்கிறது. இரண்டிடமும் இல்லாத ஒன்று உண்டு. அதுதான் நாயைப் பற்றிய அறிவு. அந்த அறிவை எங்கே கொடுப்பது? யாருக்குக் கொடுப்பது? எப்படிக் கொடுப்பது?

அறிவு கொடுத்தால் உயிர் பிழைக்குமா என்று கேட்பீர்கள். கோவாவைப் பாருங்கள். அங்கே வீதி வீதியாகப் போய் நாய்களில் நூற்றுக்கு எழுபது என்ற அளவில் தடுப்பூசி போட்டார்கள். அதோடு நின்றுவிடவில்லை. ஒவ்வோர் ஆண்டும் பள்ளிப் பிள்ளைகள் உட்பட ஒன்றரை லட்சம் பேர் அளவில் நேரில் சந்தித்து, நாயிடம் எப்படி நடந்துகொள்வது, கடித்தால் என்ன செய்வது என்று பாடம் நடத்தினார்கள். நோய் கண்ட நாய் எங்கே திரிகிறது என்று உடனுக்குடன் கண்காணித்தார்கள். இந்த மூன்றும் சேர்ந்ததால் நாய்களிடையே ரேபிஸ் 92 விழுக்காடு குறைந்தது என்று 2022-இல் வெளிவந்த ஆய்வு சொல்கிறது. ரேபிஸ் கட்டுப்படுத்தப்பட்ட மாநிலம் என்று 2021-இல் கோவா அறிவிக்கப்பட்டது. ஊசி ஒரு கை, கண்காணிப்பு ஒரு கை என்றால், அந்த இரண்டு கைகளையும் இயக்கிய தலை மக்களின் அறிவு. கோவாவில் வகுப்பறையில் செய்ததை நாம் ஒரு படி மேலே கொண்டுபோய், வெட்டவெளியில், உயிருள்ள நாயோடு செய்வோம் என்கிறேன். நீச்சலைக் கரும்பலகையில் சொல்லிக் கொடுத்தால் போதுமா? தாமிரபரணிக் கரையில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இதற்கு விடை தெரியும்.

இப்போது நம் தெருக்களுக்கு வருவோம். தெருநாயைப் பற்றி எல்லாரும் பேசுகிறோம். கட்டிப்போட்ட நாயைப் பற்றி யார் பேசுகிறோம்? காம்பவுண்டுச் சுவருக்குள்ளே, வேப்பமரத்தடியில், ஒன்றரை முழச் சங்கிலியில் ஒரு நாய் கிடக்கும். சங்கிலி எட்டுகிற தூரம் வரைக்கும் மண் வட்டமாகத் தேய்ந்து பள்ளம் விழுந்திருக்கும். அந்த வட்டத்துக்குள்ளேதான் சோற்றுத் தட்டு, அதற்குள்ளேதான் படுக்கை, அதற்குள்ளேதான் மலமும் மூத்திரமும். கழுத்துப் பட்டை உரசி உரசி முடி உதிர்ந்து தோல் தடித்துப் போயிருக்கும். யார் கடந்து போனாலும் அது பாய்ந்து பாய்ந்து குரைக்கும். 'எங்கள் நாய் ரொம்ப உஷார்' என்று வீட்டுக்காரர் பெருமைப்படுவார். உண்மையில் அந்த நாய்க்கு உலகம் தெரியாது. மனிதர்களோடு பழகத் தெரியாது. ஒருநாள் சங்கிலி அறுந்தால் அதுதான் முதலில் கடிக்கும் நாய். ஒருநாள் ஆற்றில் வெள்ளம் வந்தால், 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் வந்ததே, அப்படி வந்தால், நீந்திக்கூடத் தப்ப முடியாத உயிரும் அதுதான்.

இதை நான் சொல்வது இரக்கத்தால் மட்டும் என்று எண்ண வேண்டாம். சட்டமே சொல்கிறது. 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம், 11-ஆம் பிரிவை எடுத்துப் பாருங்கள். வழக்கமாகச் சங்கிலியில் கட்டியோ அடைத்தோ வைத்திருக்கும் நாய்க்குப் போதிய நடமாட்டம் கொடுக்காமல் விடுவது குற்றம் என்று அதில் தெளிவாக எழுதியிருக்கிறது. நாயை நடக்க விடாதது குற்றம்! நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்? இந்தச் சட்டம் யாரால் வந்தது? கலாக்ஷேத்ராவை உருவாக்கிய ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவை உறுப்பினராக இருந்தபோது தனிநபர் மசோதா கொண்டுவந்து போராடியதன் விளைவாக வந்தது. பின்னர் 1962-இல் விலங்குகள் நல வாரியம் சென்னையில் அமைந்தபோது அவரே அதன் முதல் தலைவரானார். தமிழ் மண்ணிலிருந்து எழுந்த குரல் நாட்டுக்கே சட்டமானது. முதல் முறை குற்றத்துக்கு அந்தச் சட்டம் விதித்த அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய். இவ்வளவு சிறிய தண்டனைக்கு யார் அஞ்சுவார்? அபராதம் சாதிக்காததைப் பழக்கம் சாதிக்கும். பழக்கத்தை உண்டாக்க வல்லவர்கள் மாணவர்கள்.

வாரத்துக்கு இரண்டு நடை நடந்தால் ஒரு நாயின் வாழ்க்கை மாறிவிடுமா? மாறும். நாய் காலால் மட்டும் நடப்பதில்லை, மூக்காலும் நடக்கிறது. மனிதனுக்கு வாசனை அறியும் செல்கள் அறுபது லட்சம் என்றால் நாய்க்கு இருபது கோடிக்கும் மேல். கம்பத்தடியில் நின்று அது மோந்து பார்ப்பது நேரத்தைக் கடத்த அல்ல. யார் வந்தார், யார் போனார், என்ன நிலையில் போனார் என்று படித்துக்கொண்டிருக்கிறது. அதை ஓர் ஆண்டு முழுக்க ஒரே வட்டத்தில் கட்டிப்போடுவது, படிக்கத் தெரிந்தவனை ஒரே பக்கத்தோடு அடைத்துவைப்பதற்குச் சமம். காப்பகங்களிலும் இதே கதைதான். அமெரிக்காவில் 51 காப்பகங்களில் நடந்த ஓர் ஆய்வு 2023-இல் வெளிவந்தது. தன்னார்வலர் ஒருவர் சில மணி நேரம் வெளியே கூட்டிப்போய் வந்த நாய்களுக்குப் புது வீடு கிடைக்கும் வாய்ப்பு, மற்ற நாய்களைவிட ஐந்து மடங்கு கூடியிருந்தது. காரணம் விளங்காததா? வெளியே போய்ப் பழகிய நாயை ஊர் பார்க்கிறது. அது யாரையும் கடிக்காமல், ஒருவர் பக்கத்தில் ஒழுங்காக நடக்கிறது என்று பார்க்கிறது. பார்த்தபின் பயம் விலகுகிறது. நம் சென்னையின் புளூ கிராஸ் போன்ற காப்பகங்கள் இன்றும் தன்னார்வலர்களை நம்பித்தான் நடக்கின்றன. பணம் கொடுப்பவர் கிடைக்கலாம். நேரம் கொடுப்பவர்தான் வேண்டும்.

சரி, நாய்க்கு நன்மை. நடத்திப்போகும் மாணவனுக்கு என்ன? அதையும் சான்றோடு பார்ப்போம். இங்கிலாந்தில் லிவர்பூல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 385 குடும்பங்களை ஆராய்ந்து 2019-இல் வெளியிட்ட முடிவு இது: வாரத்துக்கு 150 நிமிட உடலுழைப்பு வேண்டும் என்ற அளவை எட்டும் வாய்ப்பு, நாய் வளர்ப்பவர்களுக்கு மற்றவர்களைவிட நான்கு மடங்கு. 'சுறுசுறுப்பானவர்கள்தானே நாய் வளர்க்கிறார்கள், நாயால் வந்த சுறுசுறுப்பு என்று எப்படிச் சொல்வது?' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. உடலுழைப்பில் இல்லாவிட்டாலும், மன அழுத்தத்தைப் பொறுத்தவரை இத்தகைய கேள்விக்கு இடமில்லாதபடி நடந்த சோதனைகள் உண்டு. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் 249 மாணவர்களைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். ஒரு பகுதியினர் பத்தே நிமிடம் நாய்களையும் பூனைகளையும் தொட்டுத் தடவிப் பழகினார்கள். மற்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள், படம் பார்த்தார்கள், அல்லது வெறுமனே காத்திருந்தார்கள். தொட்டுப் பழகியவர்களின் உமிழ்நீரில் மன அழுத்தத்தைக் காட்டும் கார்ட்டிசால் குறைந்திருந்தது. இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழகம் 8, 9 வயதுப் பள்ளிப் பிள்ளைகளிடம் இதைச் சோதித்தது. வாரம் இருமுறை, இருபது நிமிடம், நான்கு வாரம். நாயோடு பழகிய பிள்ளைகளிடமும் மன அழுத்தம் குறைவாகவே இருந்தது. பரீட்சை என்ற ஒரே சொல்லில் தூக்கம் போகும் பிள்ளைகள் இருக்கும் நாட்டில், இது சிறிய செய்தியா?

ஆனால் உடல்நலத்தையும் மனநலத்தையும்விடப் பெரிய நன்மை ஒன்றுண்டு. கவனிக்கக் கற்பது. வாரைப் பிடித்து நடக்கிற பிள்ளை எதையெல்லாம் கவனிக்கிறது பாருங்கள். வால் ஆடினால் நட்பு என்று நினைத்திருந்த பிள்ளை, விறைத்து நிமிர்ந்து மெல்ல ஆடும் வால் எச்சரிக்கை என்று கற்கிறது. காது பின்னால் மடங்கினால், உதட்டை நக்கிக்கொண்டே இருந்தால், தூக்கம் வராமலே கொட்டாவி விட்டால், கண்ணின் வெள்ளை தெரியும்படி ஓரமாகப் பார்த்தால், அந்த நாய் சங்கடப்படுகிறது, விலகி நிற்க வேண்டும் என்று கற்கிறது. 'குரைக்கிற நாய் கடிக்காது' என்ற பழமொழியை நம்பிக் கையை நீட்டக்கூடாது என்று கற்கிறது. சாப்பிடும் நாயை, தூங்கும் நாயை, குட்டி போட்ட நாயைத் தொடக்கூடாது என்று கற்கிறது. நாய் துரத்தினால் ஓடாமல், கூச்சலிடாமல், கண்ணுக்குக் கண் பார்க்காமல் மரம்போல் நிற்க வேண்டும் என்று கற்கிறது. சித்திரை வெயிலில் புறங்கையைத் தார்ச்சாலையில் ஏழு விநாடி வைத்துப் பார்த்து, தன் கை தாங்காத சூட்டை நாயின் பாதமும் தாங்காது என்று கற்கிறது. பேசாத ஓர் உயிர் என்ன சொல்கிறது என்று இமை கொட்டாமல் பார்க்கப் பழகிய பிள்ளை, நாளை பேசத் தயங்கும் நண்பனையும், சொல்லத் தெரியாத முதியவரையும் அதே கவனத்தோடு பார்க்கும். எந்த மதிப்பெண் பட்டியலில் இதைச் சேர்ப்பது?

நடை முடிந்ததும் பாடம் முடியாது. கருத்தடை செய்த தெருநாயின் காது நுனியில் சிறு வெட்டு இருக்கும். போகும் வழியில் காது வெட்டுள்ள நாய் எத்தனை, இல்லாதது எத்தனை என்று மாணவர்கள் குறித்து வரட்டும். ஒரே பருவத்தில் நம் பேரூராட்சியிடம் இல்லாத ஒரு கணக்கேடு உருவாகிவிடும். எந்த முனையில் நாய்கள் கூடுகின்றன என்று பார்க்கட்டும். அங்கே கறிக்கடைக் கழிவோ, மீன் கழிவோ, ஓட்டல் எச்சிலிலையோ கட்டாயம் இருக்கும். தூத்துக்குடி மீன்பிடித் துறை முதல் புன்னைக்காயல் வரைக்கும் இந்தக் கடற்கரையில் நாய் பெருகுவதன் காரணத்தைக் குப்பையைப் பார்த்தாலே அறியலாம். குப்பையை அகற்றாமல் நாயை மட்டும் அகற்றினால், காலியான இடத்துக்கு வேறு நாய் வரும். சென்னை மாநகராட்சி நூறாண்டுக்கு மேல் நாய்களைப் பிடித்துக் கொன்றது. நாய்கள் ஒழியவில்லை. 1996-இல்தான் கருத்தடை வழிக்குத் திரும்பியது. இத்தனை ஆண்டு அனுபவத்தை ஒரு மாலை நடையில் பிள்ளைகள் தாமே கண்டுகொள்வார்கள்.

இனி மறுப்புகளுக்கு வருகிறேன். தட்டிக்கழிக்க மாட்டேன். முதல் மறுப்பு, பெற்றோருடையது: 'என் பிள்ளையைக் கடித்துவிட்டால்?' இந்த அச்சம் நியாயமானது. ஆகவேதான் திட்டத்துக்கு வேலி வேண்டும். தெருவில் கண்ட நாயைப் பிடித்து நடத்துவது இந்தத் திட்டத்தில் இல்லவே இல்லை. தடுப்பூசி போட்டு, குடற்புழு நீக்கி, கால்நடை மருத்துவர் குணம் பார்த்துச் சரி என்று சொன்ன நாய் மட்டும். ஒன்பதாம் வகுப்புக்கு மேற்பட்ட மாணவர் மட்டும். ஒரு நாய்க்கு இரண்டு மாணவர், ஒரு குழுவுக்கு ஒரு பெரியவர். பெற்றோரின் எழுத்துப்பூர்வமான சம்மதம். வந்ததும் சோப்புப் போட்டுக் கைகழுவுதல். இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். நாயை அறியாத பிள்ளை தினமும் தனியாகத்தான் தெருவில் போய் வருகிறது. அதற்கு எந்த வேலி இருக்கிறது? கடிபட்ட காயத்தில் மிளகாய்ப்பொடியும் சுண்ணாம்பும் காப்பித்தூளும் அப்பும் வழக்கம் இன்னும் போகவில்லை. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, உடனே அரசு மருத்துவமனைக்குப் போய், குறித்த நாள்களில் ஒன்றும் விடாமல் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும் என்று இந்தத் திட்டத்தில் சேர்ந்த ஒரு மாணவி அறிந்தால், அவள் வீடு அறியும். வீடு அறிந்தால் தெரு அறியும். பாதுகாப்பு என்பது அதுதான்.

இரண்டாம் மறுப்பு: 'படிக்கிற நேரம் பாழாகும்.' வாரத்துக்கு இரண்டு மணி நேரம் கேட்கிறேன். 1969-இல் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டம் ஒவ்வொரு தொண்டரிடமும் ஆண்டுக்கு 120 மணி நேரம் கேட்கிறது. அந்த நேரத்தின் ஒரு பங்கு இதற்குப் போதும். புதிதாக ஒரு நிமிடம்கூட வேண்டாம். மூன்றாம் மறுப்பு: 'இது வெள்ளைக்காரன் பழக்கம், பணக்காரர் மோகம்.' அப்படியா? திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. ஆநிரை காக்கும் சண்டையில் இறந்த வீரனோடு, உடன் நின்று போராடிய நாயும் அதில் செதுக்கப்பட்டிருக்கிறது. அதன் பெயர் கோவிவன் என்றும் பொறித்திருக்கிறார்கள். ஏழாம் நூற்றாண்டில் ஒரு நாயின் பெயரைக் கல்லில் வெட்டிய இனம் நாம். இராஜபாளையமும் சிப்பிப்பாறையும் கன்னியும் கோம்பையும் நம் மண்ணின் நாய்கள். இராஜபாளையம் நாய்க்கு 2005-இல் இந்திய அஞ்சல் துறை தபால்தலை வெளியிட்டது. கன்னி நாய் நம் கோவில்பட்டிக் கரிசல் பக்கத்துச் சொத்து. இவை வேட்டைக்கும் காவலுக்கும் பரந்த வெளியில் ஓடி வளர்ந்தவை. அவற்றைக் காம்பவுண்டுக்குள் கட்டிப்போட்டதுதான் நாம் கற்றுக்கொண்ட புதுப் பழக்கம். நடத்திக் கூட்டிப்போவது பழைய உறவை மீட்பது. நாய் தீட்டு என்கிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: சிவன் கோயிலில் பைரவரை வணங்கும்போது அவர் பக்கத்தில் நிற்கும் வாகனத்தையும் பார்த்து வணங்குங்கள்.

நான்காம் மறுப்பு மிக முக்கியமானது: 'கல்வி நிலையங்களில் நாயே இருக்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டதே?' ஆம். 2025 நவம்பர் 7 அன்று, கல்வி நிலையங்கள், மருத்துவமனைகள், விளையாட்டு வளாகங்கள், பேருந்து, ரயில் நிலையங்கள் ஆகியவற்றிலிருந்து தெருநாய்களை அகற்றி, கருத்தடையும் தடுப்பூசியும் செய்து, பிடித்த இடத்திலேயே திரும்ப விடாமல் காப்பகங்களில் வைக்க வேண்டும் என்று நீதிமன்றம் ஆணையிட்டது. பிள்ளைகளின் உயிர்மேல் கொண்ட அக்கறையால் வந்த ஆணை அது. அதை மதிப்போம். பள்ளி வளாகத்துக்குள் நாயைக் கொண்டுவர நான் சொல்லவில்லை. காப்பகத்திலும் வீட்டிலும் இருக்கும் நாயிடம் மாணவர் போக வேண்டும் என்கிறேன். அந்த ஆணைக்குப் பின் இந்தத் தேவை குறையவில்லை, கூடியிருக்கிறது. காப்பகங்கள் நிறையப் போகின்றன. நிறைந்த காப்பகத்தில் அடைபட்ட நாய்களை யார் நடத்துவது? யார் மனிதர்களோடு பழக்குவது? எந்த வீட்டுக்கு எந்த நாய் ஏற்றது என்று யார் சொல்வது? பூட்டிய கூண்டு ஆணையை நிறைவேற்றலாம். பூட்டைத் திறந்து ஒழுங்காக நடத்திப்போகும் கைகள்தான் அந்த நாய்களுக்கு வீடு தேடித் தரும்.

அன்பர்களே, இரக்கம் இந்த ஊருக்குப் புதிதல்ல. 2023 வெள்ளத்தில் ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் நின்றுபோய் நூற்றுக்கணக்கான பயணிகள் தவித்தபோது, தாமே வெள்ளத்தில் சிக்கியிருந்த புதுக்குடி மக்கள் சோறாக்கிப் போட்டார்கள். அந்த மனம் இருக்கிறது. அதற்கு ஒரு முறை வேண்டும், ஒரு பயிற்சி வேண்டும். நம் அரசமைப்புச் சட்டத்தின் 51ஏ பிரிவு, உயிர்களிடத்தில் பரிவு காட்டுவதைக் குடிமக்களின் அடிப்படைக் கடமைகளில் ஒன்றாக வைத்திருக்கிறது. கடமையை மனப்பாடம் செய்து எழுதினால் இரண்டு மதிப்பெண். நடந்து பழகினால் ஒரு வாழ்க்கை.

ஆகவே தொடங்குவோம். ஆசிரியர்களே, உங்கள் நாட்டு நலப்பணி அணியிலிருந்து பத்துப் பேரைத் தேர்ந்தெடுங்கள். கால்நடை மருத்துவரை ஒருமுறை அழைத்து நாயின் உடல்மொழியைச் சொல்லிக் கொடுக்கச் சொல்லுங்கள். திருநெல்வேலி இராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அதன் வழிகாட்டுதலைக் கேளுங்கள். நாய் வளர்க்கும் வீட்டாரே, உங்கள் நாய்க்கு ஊசி போட்ட அட்டையை எடுத்து வையுங்கள், அதை மாலையில் ஒரு மணி நேரம் பிள்ளைகளிடம் ஒப்படையுங்கள். பேரூராட்சிப் பெரியோர்களே, மாணவர்கள் கொண்டுவரும் காதுக் கணக்கையும் குப்பைக் கணக்கையும் வாங்கிப் படியுங்கள், அதன்படி செயல்படுங்கள். மாணவச் செல்வங்களே, உங்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான்: கல்லை எடுப்பதற்கு முன்னும் கவனியுங்கள், சோற்றை வைப்பதற்கு முன்னும் கவனியுங்கள். பயத்தையும் இரக்கத்தையும் அறிவாக மாற்றுங்கள். வரும் செப்டம்பர் 28, உலக ரேபிஸ் நாள். அந்த நாளுக்குள் ஸ்ரீவைகுண்டத்தில் நடை இல்லாமல் சங்கிலியில் கிடக்கும் நாய் ஒன்றும் இல்லை, கடிபட்டால் என்ன செய்ய வேண்டும் என்று தெரியாத பிள்ளை ஒன்றும் இல்லை என்று நாம் சொல்ல முடிய வேண்டும். முடியும். நீங்கள் நினைத்தால் முடியும்.